ரக்பிச் சட்டைகளுக்கு மஞ்சள் வைத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா சாவகச்சேரியில் பிறந்தவர், பாரிசில் நிமிர்ந்தவர். இடையில் கிடந்த சண்டை, இடப்பெயர்வு, கொழும்பு லொட்ஜ், பெயர் தெரியாத நாடுகளின் குளிர், எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்: “வந்து சேர்ந்திட்டம்தானே.” அந்த வசனத்துக்குள் கடைசித் தங்கையான என்னையும் கையில் பிடித்து இழுத்து வந்தார். அக்கா போன முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உங்களுக்கு அக்காவின் விருந்தோம்பலை நான் எழுதத் தேவையில்லை. அவர் கையால் சாப்பிட்டவர்கள் நீங்கள். நான் எழுத ஆசைப்படுவது ஒரு கோடையைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் எங்களுக்கு ஒற்றை அறை. புறநகரான ஸ்தேனில் ஒரு சலவை நிலையத்தில் அக்காவுக்கு வேலை. தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. அந்த வேலை நிலைத்தால்தான் ‘பப்பியே’, அதுதான் வதிவிட அனுமதிப் பத்திரம், நிலைக்கும். பப்பியே நிலைத்தால்தான் நாங்கள் இங்கே நிலைப்போம்.

அந்த ஆண்டுதான் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியின் பெரிய தொழில்முறைப் போட்டி, குளிர்காலத்தை விட்டுக் கோடைக்கு மாறியது. வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரத்து அணிகளுக்கு நடுவே பாரிசுக்கும் ஓர் அணி, புத்தம் புதிதாக. அதன் சட்டைகளும் புத்தம் புதியவை. முதல் ஆட்டத்துக்கு முன் அவற்றை மடித்து அடுக்கும் வேலை அக்காவின் மேசைக்கு வந்தது.

அக்கா மடித்தார். மடிக்கும்போது கைப்பையில் கிடந்த மஞ்சளை ஈரவிரலால் தொட்டு, ஒவ்வொரு சட்டையின் உள்விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்தார். நம் வீடுகளில் புதிது உடுத்த முன் செய்வதுதான். யாரையும் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

முதல் ஆட்டத்தில் பாரிஸ் வென்றது. சட்டைகள் சேறும் புல்லும் வியர்வையுமாகத் திரும்பி வந்தன. சவர்க்காரத்தில் ஊறியதும் மஞ்சள் சிவந்தது. பத்ரோன், அதுதான் முதலாளி, தொட்டியைத் திறந்து பார்த்தவர் இரத்தம் என்றே நினைத்திருக்கிறார். ஆனால் எல்லா வீரருக்குமா ஒரே இடத்தில் காயம் படும்? முந்திய நாள் சாயத்துணிகளைக் கையாண்டவள் பக்கத்து மேசையில் நின்ற மாலி நாட்டுப் பெண் ஃபத்தூ. பத்ரோனின் கோபம் நேராக அவளிடம் போனது.

அன்று மாலை அக்கா அறைக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

“நான்தான் வைச்சனான் எண்டு சொல்லிப்போட்டன்.”

“பேசாமல் இருந்திருக்கலாமே அக்கா.”

“நான் பேசாமல் இருந்தால் அவளையெல்லோ அனுப்புவாங்கள். அவளுக்கும் பிள்ளையள் இருக்கு.”

அடுத்த ஆட்டத்துக்கு முன் கறை போகவேண்டும், போகாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரத் தேவையில்லை என்று பத்ரோன் சொல்லியிருந்தார். வெளுக்கும் மருந்து போட்டால் சட்டையின் நிறமும் சேர்ந்து போய்விடும். அக்கா ஒன்றுதான் கேட்டிருக்கிறார்: வாகனம் நிறுத்தும் பின்முற்றம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. மஞ்சளை எடுக்க வெயிலை விட்டால் வேறு ஆள் இல்லை.

நானும் போனேன். ஃபத்தூவும் வந்தாள், அழைக்காமலே. கயிறு கட்டிச் சட்டைகளை உட்புறம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டோம். பாரிசின் இளவேனில் வானம், கழுவாத சட்டியின் அடிபோலக் கிடந்தது. காற்று வந்தது, மேகம் நகர்ந்தது, இன்னொரு மேகம் வந்து குந்தியது. அக்கா வானத்தைப் பார்க்கவேயில்லை. விளிம்புகளையே பார்த்துக்கொண்டு கயிற்றின் நீளத்துக்கு நடந்தார், திரும்பினார், நடந்தார். மத்தியானம் திரும்பும் நேரம் வெயில் இறங்கியது. சட்டைகள் காற்றில் உப்பி, ஆளில்லாத ஓர் அணி ஓடத் தொடங்கியது. பின்னேரத்துக்குள் மஞ்சள் வெளிறி, மங்கி, இல்லாமல் போனது.

திங்கள் காலை பத்ரோன் ஒவ்வொரு சட்டையாகப் புரட்டிப் பார்த்தார். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சொல், விட்டுவிடுகிறேன் என்றார். அக்கா தன் அரைகுறைப் பிரெஞ்சில் கொடுத்த பதிலை எங்களுக்கு எத்தனையோ முறை தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறார்:

“புதுசுக்கு மட்டும்தான் ஐயா வைக்கிறது. இது இப்ப பழசு.”

பத்ரோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வேலை நிலைத்தது. எங்களுக்கு நாடு நிலைத்தது.

அந்தப் பருவம் முழுதும் அணி தோற்றுக்கொண்டேயிருந்தது. இடைக்கிடை ஒரு வெற்றி, பிறகு மறுபடி தோல்வி. கடைசியில் அடிமட்டத்துக்கு ஒரு படி மேலே நின்று தப்பியது. எப்படி ஆடினார்கள் என்பதை அக்கா சேற்றைப் பார்த்துச் சொல்வார். “தோத்தாலும் நல்லாய் ஊத்தையாக்கிப்போட்டுத்தான் தோத்திருக்கிறாங்கள்.” ஒருமுறை நுழைவுச்சீட்டு கிடைத்து இருவரும் மைதானத்துக்குப் போனோம். விதி ஒன்றும் விளங்கவில்லை. ஆறடி வெள்ளைக்காரனைப் பார்த்து “ஓடு தம்பி, ஓடு” என்று அக்கா கத்தியதில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டோடு அந்த அணி கலைந்துபோனது. அக்கா கலையவில்லை. அத்தானைக் கைப்பிடித்தார். மகளை வளர்த்தார், அவள் பிரெஞ்சில் வாதாட, தமிழில் வென்றார். அதே சலவை நிலையத்தில் மேற்பார்வையாளர் ஆனார். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் புதிதாக வந்திறங்கிய எத்தனையோ வன்னிப் பிள்ளைகளுக்கு முதல் வேலை அவரின் சொல்லால் கிடைத்தது. போன பனிக்காலம் நோய் வந்தபோதும் அதற்குக் கனநேரம் ஒதுக்கவில்லை. கடைசிக் கிழமையில், வேலைக்குப் போகாமல் ஏன் இங்கே குந்திக்கொண்டிருக்கிறாய் என்று என்னை ஏசினார். ஏசிவிட்டு என் கையை விடவில்லை.

மருத்துவமனையில் அக்காவின் தலையை வாரிவிட்ட தாதியருக்கும், அத்தானையும் மகளையும் பட்டினி கிடக்கவிடாமல் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த லா ஷப்பல் கடைக்காரருக்கும், ஊரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் துயர் பகிர்ந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தள்ளாத வயதில் தடியூன்றி வந்து தலைமாட்டில் நின்ற ஃபத்தூவுக்கும். இறுதிக்கிரியை நடந்த முற்பகல், ஸ்தேனில் அந்தச் சலவை நிலையம் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி வைத்தது. அக்காவை வீட்டுக்கு அனுப்பப் பார்த்த இடம், அக்காவுக்காக நின்றது. அந்த நிசப்தத்துக்கு எங்கள் நன்றி.