முன்னங்காலில் ஒரு வெடிப்பு

இரண்டாயிரத்துக்குப் பிறகு பனியன் ஏற்றுமதி நன்றாக ஓடிய ஒரு வருடம், என் கணவர் ஒரு பெண் குதிரையை வாங்கிவந்தார். அவிநாசிபாளையத்தில் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் அதற்கு சிமெண்ட் தளம் போட்டுக் கொட்டகை கட்டினார். கம்பெனியிலிருந்து வந்ததும் நேராக அங்கேதான் போவார். காலையும் மாலையும் குளிப்பாட்டுவார். தரையில் குத்தவைத்துக் குளம்புகளுக்கு எண்ணெய் தடவுவார். "கண்ணு, காலத் தூக்கு சாமி" என்பார். கல்யாணமான இத்தனை வருடத்தில் என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் குதிகாலில் பித்தவெடிப்பு ரத்தம் கசியும். அதை அவர் பார்த்ததும் இல்லை.

மழை முடிந்த சமயம் குதிரை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. குளம்பின் முன்பக்கம், தரையிலிருந்து மேலேறும் ஒரு வெடிப்பு. அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்தபோது இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

கால்நடை மருத்துவர் பெரிய இடுக்கியால் குளம்பைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். வெடிப்புக்கு நேர் கீழே அழுத்தியதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. அங்கே சீவினார். கறுப்பாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தது, நாற்றத்தோடு. வெடிப்பு மேலே மயிரோரத்தைத் தொடாததால் பிழைத்தது என்றார். தினமும் கழுவுவீர்களா என்று கேட்டார்.

"ரெண்டு வேளையுமுங்க" என்றார் இவர், பெருமையாக.

"அதானுங்க வினையே. ஊறி ஊறிக் காஞ்சா குளம்பு வெடிச்சுரும். ஈரத்து மேல எண்ணெயும் பூசி உள்ள அழுக வெச்சுட்டீங்க. கொஞ்ச நாளைக்குச் சும்மா உடுங்க."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இனித்தது.

லாடம் கட்டுபவர் வந்து, வெடிப்பின் மேல் பளு விழாதபடி நுனியைச் சீவி லாடம் அடித்தார். அந்த வாரமே இவர் பனியன் வாங்கும் பையரைப் பார்க்க டெல்லி போக வேண்டியிருந்தது. வேலை என் தலையில் விழுந்தது. குளம்பிலிருந்து சாணத்தைக் கிண்டியெடுத்து, கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியால் ஈரம் ஒற்றி, மருந்து வைத்து, காய்ந்த மரத்தூள் பரப்ப வேண்டும். நான் கண்ணு என்றெல்லாம் கொஞ்சவில்லை. "தூக்கு" என்றேன். தூக்கியது. தூக்கிவிட்டு என் தோளில் மெல்லச் சாய்ந்தது. இதன்மேல் யாருக்குத்தான் ஆசை வராது என்று தோன்றியது. அதனாலேயே இன்னும் எரிந்தது.

குளம்பு மேலிருந்துதான் வளரும், மெதுவாக. அடுத்த மழைக்குள் வெடிப்பு கீழே இறங்கி, சீவலோடு சீவலாகப் போய்விட்டது. வந்தவர்களிடமெல்லாம் இவர் சொன்னார்: "நாங்க ரெண்டு பேருமே போராடித்தானுங்க குணமாக்கினோம்."

அந்த இரண்டு பேரில் நான் உண்டா, இல்லை அவரும் குதிரையும்தானா என்று நான் கேட்கவில்லை.