பழுதுப் பதிவேட்டில் பன்னிரண்டு வரிகள்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘ஆதாரம்’ என்றால்தான் தெரியும். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், வெங்காயச் சாறு தடவினால் வழுக்கையில் முடி முளைக்கும் என்றாலும் சரி, நாளை முதல் மூன்று நாள் உலகமே இருண்டுவிடும் என்றாலும் சரி, அடுத்த நிமிடம் அவளிடமிருந்து ஒற்றைச் சொல் வந்து விழும்: “ஆதாரம்?” பாவம், பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறவர்கள்கூடப் பயந்துகொண்டேதான் போடுவார்கள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. டாக்டர் சீட்டில் இருக்கும் எண்ணை நம்பி எந்தக் கண்ணாடியையும் யாருக்கும் மாட்டிவிட மாட்டாள்; கருவியில் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் கொடுப்பாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பதினாறு வருடமாக இதே வேலை. வீடு ஐந்தாம் மாடியில், தங்கையோடு.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை சங்கச் செயலாளர் குழுவில் ஒரு வீடியோ போட்டார். லிஃப்ட் ஒன்று தடதடவென்று கீழே விழுகிறது. ‘நேற்று நம் பக்கத்துத் தெருவில்’ என்று தலைப்பு. கீழே அவரே எழுதியது: “நம் லிஃப்டில் பழுதுகள் ஒரே வருடத்தில் 300 சதவீதம் உயர்வு. ஞாயிறு கூட்டத்தில் லிஃப்டை நிரந்தரமாக மூடுவது பற்றி ஓட்டெடுப்பு.” மளமளவென்று நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். லிஃப்ட் போனால் வேலை போச்சு, தெரு போச்சு, மிச்சம் ஜன்னல் ஒன்றுதான். கையும் ஓடவில்லை. காலைப் பற்றிச் சொன்னால் அவளே சிரிப்பாள்; அது ஓடி எத்தனையோ காலம் ஆயிற்று.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். வீடியோவை நிறுத்தி ஒரு காட்சியைப் படமாக எடுத்தாள். ஒரு படம் இதற்கு முன் எங்கெல்லாம் வந்தது என்று தேடித் தரும் தளத்தில் அதைக் கொடுத்தாள். செய்திகளைச் சரிபார்க்கும் குழு ஒன்று அந்த வீடியோவை ஏற்கெனவே அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்திருந்தது. எட்டு வருடப் பழசு. வேறொரு கண்டத்தில், கிடங்கு ஒன்றின் சாமான் லிஃப்ட். உள்ளே ஆளே இல்லை.

“இங்க வெயில் கொளுத்துது, வீடியோவுல சுத்தி நிக்கறவங்க எல்லாரும் கம்பளிக் கோட்டு போட்டிருக்காங்க பாரு,” என்றாள் தங்கை.

“வீடியோ கதை முடிஞ்சுது. அந்த முந்நூறு எங்கேர்ந்து வந்துச்சு? கீழ லிஃப்ட் பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கற நோட்டை எடுத்துட்டு வா.”

நோட்டின் அட்டையில் ‘பழுதுப் பதிவேடு’ என்று எழுதியிருந்தது. போன வருடம் மூன்று வரிகள், இந்த வருடம் பன்னிரண்டு. மூன்று பன்னிரண்டானால் முந்நூறு சதவீத உயர்வுதான்; கணக்கில் செயலாளர் புலி. ஆனால் மனிதர் வரிகளை எண்ணினாரே தவிர படிக்கவில்லை. ‘எண்ணெய் விட்டேன், நன்றாக ஓடுகிறது.’ ‘சோதித்தேன், குறை இல்லை.’ பழைய மெக்கானிக் வருடத்துக்கு மூன்று முறை தலையைக் காட்டுவார். புதியவர் மாதம் தவறாமல் வருகிறார், வந்ததை எழுதுகிறார். எழுத வேறு நோட்டு இல்லை. ஆக, ஒழுங்காகப் பார்த்த வேலையெல்லாம் பழுது ஆகிவிட்டது.

வாய்விட்டுச் சிரித்தவள் கடைசி வரியில் நின்றாள். ‘லிஃப்டின் இரும்பு வடத்தில் ஓர் இழை அறுந்திருக்கிறது. விரைவில் மாற்றவும்.’ மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் செயலாளரின் கையெழுத்து வேறு.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“உடனே ஆபத்து இல்லக்கா. ஆனா தள்ளிப்போடக் கூடாது. மாத்த நாலு நாள் ஆகும்.”

“இந்த ஒரு வரியை மட்டும் விட்டுடேன் அக்கா,” என்று தங்கை கெஞ்சினாள். “சொன்னா மூடியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிப்பாங்க. ஓட்டு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் அந்த ஆசை இருந்தது.

ஞாயிறு காலை, வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். வீடியோவின் பூர்வீகத்தைச் சொன்னாள். பிறகு நோட்டைப் பிரித்துப் பதினோரு வரிகளை வாசித்தாள். சிரிப்பு கிளம்பியது, செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டாவதையும் வாசித்தாள். சிரிப்பு அடங்கியது. உடனே ஆபத்து இல்லை, நாலு நாளில் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதையும் சொன்னாள்.

மூட வேண்டும் என்று ஆறு கைகள் உயர்ந்தன. வடத்தை மாற்றி ஓட்டலாம் என்று மற்றவர்கள் எல்லாரும் தூக்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“தப்புதாம்மா, மன்னிச்சுடு. ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடைசி வரியை ஒருத்தரும் பாக்கல. கையெழுத்துப் போட்ட நானே பாக்கல. சொல்லாம இருந்திருந்தா சுலபமா ஜெயிச்சிருப்பே. ஏம்மா சொன்னே?”

“உங்களுக்கெல்லாம் படி இருக்கு சார். அந்த லிஃப்டுல தினமும் போகப்போறது நான்தானே,” என்றாள்.