தறிக்காதும் கிளுவைகளும்

மனைவி இறந்து எட்டு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், தறி ஓட்டினேன். இதைப் பார்க்கச் சகிக்காமல், விருதுநகரில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனாள். அவளுக்குப் பறவைப் பைத்தியம். டிக்கியில் காற்றடிக்கிற ரப்பர் கயாக் படகு ஒன்று மடித்துக் கிடந்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றவில்லை. கண்மாயின் மேல்கோடியில் கோரையும் சேறுமாக இடுப்பளவுத் தண்ணீர். கரையில் ஆடு மேய்த்த பெண்மணி நாங்கள் பம்பு அடிப்பதை முழுசாகப் பார்த்துவிட்டு, “கருவமுள்ளு குத்துனா கப்பலு புஸ்ஸுன்னு போயிருமே தாயி. அய்யாவுக்கு நீச்சலு தெரியுமா?” என்றாள். தெரியாது. அதற்கும் எனக்குப் பயம் வரவில்லை.

மகள் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டாள், நான் பின்னால். கோரைக்கு அந்தப் பக்கம் கிளுவைகள் என்கிற சின்ன ஜாதி வாத்துகள் கூட்டமாக மிதந்தன. மகள் ஏதோ கிசுகிசுத்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவள் முதுகு மட்டுமே எனக்குத் தெரிந்தது.

“என்னம்மா சொல்ற?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். கிளுவைகள் மொத்தமாக எழும்பிப் பறந்துவிட்டன.

முப்பத்தைந்து வருடம் விசைத்தறி ஓட்டிக் காது மந்தமானவனின் மெதுவு அப்படித்தான் இருக்கும். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். தறி ஓடும்போது சத்தமே போட மாட்டோம். உதட்டை மட்டும் அசைப்போம், எதிரே நிற்பவர் படித்துக்கொள்வார். நானும் என் மனைவியும் குடும்பம் நடத்தியதே அந்த உதட்டில்தான். சண்டையும் அதில்தான். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். உதடு தெரியவில்லை. கட்டில் பக்கத்தில் ஏதோ மிஷின் தறி மாதிரியே சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து என்னவோ சொன்னாள். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மகள் அவள் தலைமாட்டில்தான் நின்றிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்கும். எதற்குச் சரி சொன்னேன் என்று இந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் மகளிடம் கேட்கத் துணியவில்லை.

பறந்த கிளுவைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப இறங்கின. மகள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கயாக் ஆட ஆட மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். விரலை உதட்டில் வைத்து எச்சரித்தாள். பிறகு சத்தமில்லாமல், “நைனா, வலது பக்கம் தாழைக்கோழி” என்றாள். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அவள் உதடும் தெலுங்கில்தான் அசைந்தது. தறிக்கூடத்தில் அவள் அம்மா நின்று பேசுவதைப் போலவே இருந்தது.

நான் தாழைக்கோழியைப் பார்க்கவில்லை. நானும் உதட்டை மட்டும் அசைத்தேன். “அன்னைக்கு அம்மா என்ன சொன்னா?”

ஒரு கிளுவை பக்கத்திலேயே வந்து மேய்ந்தது. அவள், நான் ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல நிதானமாகச் சொன்னாள்.

“தறிய நிப்பாட்டுங்க, ஒண்ணு சொல்லணும்.”

அதற்குத்தான் நான் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.