எப்போ என்று கேட்ட குழந்தை

தெற்கு ஆஸ்திரேலியாவின் சின்னத் துறைமுக ஊரான வாலரூவில் யாரும் யாரிடமும் போய் வருகிறேன் என்று முறையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ‘சீ யூ லேட்டர்’ என்பார்கள். அப்புறம் பாக்கலாம். அவ்வளவுதான். தலையைக்கூடத் திருப்பாமல், கதவைத் தள்ளிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள்.

கடற்பாலத்துக்குப் போகிற தெருவின் முனையில் கடை வைத்திருந்த நொயலீன் டிரெசைஸ் அதை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். பால் வாங்க வரும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே வார்த்தைதான். அறுவடைக் காலத்தில் கோதுமை லாரி ஓட்டிக்கொண்டு எங்கிருந்தோ வந்து, கறியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டி ஒன்றைச் சூடாக வாங்கித் தின்றுவிட்டு, இந்த ஜென்மத்தில் திரும்பி வராத டிரைவருக்கும் அதே வார்த்தைதான். விற்பனைக்காரன் எவனாவது நின்று வளவளத்துக்கொண்டே இருந்தால், அதையே கொஞ்சம் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொல்வாள். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு இடத்தைக் காலி செய்வான். அவள் கணவன் கிளெம், நண்டு வலையின் கயிறு அறுந்து வலை கடலுக்குள் போனால், தண்ணீரைப் பார்த்து “அப்புறம் பாக்கலாம்” என்பான். தொலைந்தது தொலைந்தது என்று அர்த்தம். இடுகாட்டில் மண் போடும் கிழவர்களும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதையேதான் முணுமுணுத்தார்கள்.

நொயலீனுக்கும் கிளெமுக்கும் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் கலைந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியபோது, வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாத குழந்தைகளைக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று நலத்துறையிடம் எழுதிக் கொடுத்தார்கள். குழந்தைகள் வந்தார்கள். ஒரு வாரம், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனார்கள். போகும்போது அவள் அப்புறம் பாக்கலாம் என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே அதையே திருப்பிச் சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். ஒரு குறையும் இல்லை.

பிறகு ரெனே வந்தாள்.

வரும்போது ரெனேவுக்கு ஐந்து வயது. ஒட்ட வெட்டிய மஞ்சள் தலைமுடி, யாரையும் நேருக்கு நேர் பார்க்கும் கண்கள். வடக்கே, கேரவன் வண்டிகளையே வீடாக்கி ஜனங்கள் குடியிருக்கும் ஒரு பூங்காவில் அம்மாவோடு இருந்தவள். ஒருநாள் அம்மா, “அப்புறம் பாக்கலாம் செல்லம்” என்று சொல்லிவிட்டு யாருடைய காரிலோ ஏறிப் போனவள் திரும்பவில்லை. குழந்தை கேரவன் படியிலேயே உட்கார்ந்திருந்தது. மறுநாள் மத்தியானம் பக்கத்துக் கேரவன்காரர் பார்த்துப் போலீசுக்குச் சொல்லும்வரை அது படியைவிட்டு இறங்கவில்லையாம். அழைத்துவந்த நலத்துறைப் பெண் பிரிஜிட் இதையெல்லாம் அடுக்களையில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை ரொட்டி வண்டிக்கார டட்லி தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு வழக்கம்போல, “அப்புறம் பாக்கலாம்” என்று கிளம்பினார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ரெனே கேட்டாள்.

“எப்போ?”

டட்லி நின்று யோசித்தார். “நாளைக்குக் காலைல, பாப்பா. ரொட்டி கொண்டுக்கிட்டு வருவேன்ல.”

மறுநாள் அவர் உள்ளே நுழைந்ததும் ரெனே அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று.

அதன் பிறகு கடைக்கு வந்த எவரும் தப்பவில்லை. மீன் இரை வாங்க வந்தவர்கள், கப்பலில் கோதுமை ஏற்ற வந்த கிரேக்க மாலுமிகள், தபால்காரர் எல்லாரிடமும் கேட்டாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்துத் திகைத்தார்கள். கொஞ்ச நாளில் ஊரே பழகிக்கொண்டது. வியாழக்கிழமை பாக்கலாம், சம்பளத்தன்னைக்குப் பாக்கலாம், ஈஸ்டர் முடிஞ்சு பாக்கலாம் என்று நாள் குறித்துச் சொன்னார்கள். நாள் தெரியாதவர்கள் சும்மா கையை ஆட்டிவிட்டு நழுவினார்கள். ஒருமுறை வெள்ளிக்கிழமை என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட ஒரு டிராக்டர் மெக்கானிக், ஒரு தீப்பெட்டி வாங்குவதற்காகவே அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான கடினாவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான்.

நொயலீன்தான் எல்லாரையும்விடக் கவனமாக இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் விடும்போது, “மூணு மணிக்கு இந்த மரத்தடியில பாக்கலாம்” என்பாள். இரண்டே முக்காலுக்கே போய் நின்றுவிடுவாள். ரெனே அவளை நோனி என்று கூப்பிட ஆரம்பித்தாள். கிளெம் அந்தக் குழந்தைக்குக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் வாளியோடு நடந்து நீல நண்டு அள்ளக் கற்றுக்கொடுத்தான். கொடுக்கு பிடிக்காமல் பின்பக்கமாகத் தூக்க அவள் கற்றுக்கொண்ட அன்று, துறைமுகத்துக் கோதுமைக் களஞ்சியத்தில் அவனோடு வேலை செய்த ஒவ்வொருவனிடமும் அதைச் சொல்லித் தீர்த்தான்.

இரண்டு வாரம் என்று வந்த குழந்தை ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. தங்களிடமே விட்டுவிடுவார்கள் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பத் தொடங்கியிருந்தார்கள். கிளெம் பின்கட்டு அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தான்.

அப்போது பிரிஜிட் வந்தாள். அம்மாவின் அக்கா ஒருத்தி மேற்கே கால்கூர்லியில் கிடைத்துவிட்டாள். கணவனுக்குச் சுரங்கத்தில் வேலை, சொந்த வீடு, தானே வளர்க்கிறேன் என்கிறாள், கோர்ட்டும் சரி என்றுவிட்டது. சொந்த ரத்தம் இருக்கும்போது வேறு பேச்சுக்கு இடமில்லை. பிரிஜிட் நல்லவள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னாள். “கிளம்பற அன்னைக்கு அப்புறம் பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, நொயலீன். குட்பைன்னு சொல்லுங்க. அவளுக்கு அது புரியும். அந்த இன்னொண்ணு அவளுக்குத் தாங்காது.”

நொயலீன் ஒப்புக்கொண்டாள். முந்தின நாள் முழுக்க உருளைக்கிழங்கு நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும், குட்பை, குட்பை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கேட்கச் சகிக்கவில்லை. யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

காலையில் கார் வந்தது. ரெனேவுக்குப் புது கம்பளிச் சட்டை போட்டுவிட்டு, பொத்தானை மாட்டி, பின் சீட்டில் உட்காரவைத்தாள். கிளெம் குழந்தையின் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். பிரிஜிட் காரைக் கிளப்பினாள். நொயலீன் ஜன்னலுக்குள் குனிந்து முத்தம் கொடுத்தாள். நிமிர்ந்தபோது, இருபது வருஷம் கல்லாவில் நின்ற வாய், அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

“அப்புறம் பாக்கலாம், கண்ணு.”

சொன்ன நொடியே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தையின் முகம் தெளிந்தது. அதுவரை பயந்துபோய் இருந்த முகம். ஜன்னலில் கைவைத்து எழும்பி, “எப்போ?” என்றாள். நொயலீன் பதில் சொல்வதற்குள் கார் நகர்ந்துவிட்டது. நகராமல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது.

அந்தக் கோடையிலேயே கால்கூர்லிக்குப் போய்வரலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பாலைவெளியைத் தாண்டிப் போகவேண்டும். கிளெம் வண்டிக்கு டயர் மாற்றினான். முறையாகக் கேட்டுவிட்டுப் போவோம் என்று நொயலீன் நலத்துறைக்குப் போன் செய்தாள். குழந்தை இப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது, பெரியம்மா யாரும் வரவேண்டாம் என்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். கேட்காமலே போய்விடுவோம் என்று கிளெம் சொன்னான். வாசலில் போய் நின்றால் விரட்டியா விடுவார்கள் என்றான். குழந்தைக்கு அது கெடுதலாக முடிந்தால் என்ன செய்வது என்று நொயலீன் தடுத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பொம்மை அனுப்பினார்கள், பதில் இல்லை. மறுவருஷம் கேட்டபோது பிரிஜிட் வேலையை விட்டிருந்தாள். புதிதாக வந்தவருக்கு ரெனே யாரென்றே தெரியவில்லை. அந்தக் குடும்பம் இன்னும் வடக்கே, வேறு ஏதோ சுரங்கத்துக்குப் போய்விட்டதாக மட்டும் தெரிந்தது.

நலத்துறையிலிருந்து வேறு குழந்தைகளைப் பற்றிக் கேட்டபோது நொயலீன் முடியாது என்று சொல்லிவிட்டாள். கடையிலும் வாடிக்கையாளர்களிடம் குட்பை என்றே சொல்லத் தொடங்கினாள். ஜனங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. கடையை மூடப்போகிறாளா, உடம்புக்கு ஏதாவதா என்று கிளெமிடம் ரகசியமாக விசாரித்தார்கள். டட்லி மட்டும் எதுவும் கேட்கவில்லை. கடைசிவரை, நாளைக்குக் காலைல பாக்கலாம் என்றே சொல்லிவந்தார்.

ரெனேவுக்கு இருபது வயது ஆகியிருந்தபோது, ஒரு மார்ச் மாதம், அடிலெய்டிலிருந்து வரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடைக்குள் வந்தாள். முடி கறுத்து நீண்டிருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். அவள் பெயரைச் சொல்வதற்கு முன்பே, அந்தப் பார்வையில் நொயலீனுக்குத் தெரிந்துவிட்டது. கல்லாவைச் சுற்றி வெளியே வரப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

“நீங்கதானே நொயலீன்?”

“ஆமா, கண்ணு.”

“ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.” ரெனே கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. “அன்னைக்கு கார்கிட்ட நின்னு சொன்னீங்களே. அது நெஜமா சொன்னதா, இல்ல எல்லாரும் சொல்ற மாதிரி சும்மா வாய்ல வந்ததா?”

இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணிடம் சொல்வதற்கென்று நொயலீன் எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு அதில் எதுவும் பொருந்தவில்லை. பொய் சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

“வாய்ல வந்துடுச்சு. சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா வந்தப்புறம் அது நெஜம்தான்.”

“நெஜம்னா வந்திருக்கணும்ல?”

“ஆமா,” என்றாள் நொயலீன். “வந்திருக்கணும்.”

போன் செய்ததையும் வண்டிக்கு டயர் மாற்றியதையும் சொல்ல வாயெடுத்தாள். ரெனே தலையசைத்தாள்.

“தெரியும். பெரியம்மா போன வருஷம் சாகறதுக்கு முன்னாடி சொன்னா. தான்தான் வேண்டாம்னுட்டேன்னு சொல்லி அழுதா. ஆனா எனக்கு அப்போ யாரும் சொல்லலியே. தெருவுல கார் சத்தம் கேட்டா ஓடுவேன். பெரியம்மா சொல்லுவா, அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுடி, ஊர்ல எல்லாரும்தான் சொல்லுவாங்கன்னு. நான் அவகூட சண்டைக்குப் போவேன். நோனி அப்படி இல்ல, நோனி சொன்னா வந்துடுவான்னு.”

அந்தப் பெயரைக் கேட்டதும் நொயலீன் கல்லாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சுக்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். என் மேலதான் தப்பு என்று மட்டும் சொன்னாள்.

“தப்புன்னு சொல்ல வரல. தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.”

ரெனே ஒரு பேஸ்டி சாப்பிட்டாள். காசு எடுத்து நீட்டினாள்; நொயலீன் வாங்கவில்லை. பெர்த்தில் நர்ஸ் படிப்பு படிப்பதாகச் சொன்னாள். கிளெமைப் பற்றிக் கேட்டாள். படகில் போயிருக்கிறான், சாயங்காலம்தான் வருவான், இரு, ராத்திரி தங்கிட்டுப் போ என்று நொயலீன் கெஞ்சினாள். மறுநாள் விடியலில் விமானம் என்றாள் ரெனே. போன் நம்பரைக் கேட்டதற்கு, “நானே கூப்பிடறேன்” என்றாள். மத்தியான பஸ் நிற்கும் இடம் வரை நொயலீன் கூடவே நடந்தாள். பஸ் ஏறுவதற்கு முன் ரெனே அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். பழகாதவர்கள் அணைப்பது போல இருந்தது. பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏறிப் போய், ஜன்னலோரம் இல்லாமல், உள்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

கிளெம் அன்று சீக்கிரமே, பஸ் போன கொஞ்ச நேரத்திலேயே, கரைக்கு வந்துவிட்டான். காற்று மாறியிருந்தது. நண்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் நுழைந்தவனிடம் நொயலீன் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தொட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

“ஒசரமா இருக்காளா?”

“உன்னைவிட ஒசரம்.”

அவன் தொட்டியை வைத்துவிட்டு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பஸ் வழியில் போர்ட் வேக்ஃபீல்டில் டீக்காகக் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே பிடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. போனபோது பஸ் புறப்பட்டுவிட்டது. எதிரே அடிலெய்ட் சாலை நேராகக் கிடந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். இருவருமாக உட்கார்ந்து நண்டைக் கழுவி வேகவைத்தார்கள்.

ரெனே கூப்பிடவில்லை. கிளெம் இருந்தவரைக்கும், மத்தியான பஸ் கடையைத் தாண்டும்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றான்.