யதுர்ஷிகாவின் லேசரும் கோயில் ஸ்பீக்கரும்

முரசுமோட்டை யதுர்ஷிகாவுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு; கைவேலைத் திறமை அதற்கும் சேர்த்துக் கூடுதல். கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர். ஒரே நிறத்தை மட்டும் உமிழும் லேசர் ஒன்றை, நாயாற்றுக் கடல் மீன் ஐஸ் போட்டு வந்த, வெள்ளை நுரைப் பலகையாலான றெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இரண்டு வருடமாகக் கட்டியிருந்தாள். எத்தனை தரம் கழுவியும் மீன் மணம் போகவில்லை. “உம்மட லேசர் மணக்குது” என்று கூட வேலை செய்யும் கோகுலன் நக்கலடிப்பான்.

ஒரே நிறம் என்றாலும் அது துளி ஆடும். அந்த ஆட்டத்தின் அளவுக்குத்தான் கோட்டகலம் என்று பெயர். வெளிச் சத்தமும் அதிர்வும் ஆட்டுவது ஒரு பங்கு. எதை நிறுத்தினாலும் நிற்காமல், ஒளி பிறக்கும்போதே கூடப் பிறப்பது மற்றப் பங்கு. அதுதான் அடிப்படைக் கோட்டகலம். அது ஆயிரம் ஹேர்ட்ஸுக்குள் இருந்தால், குளக்கட்டில் நீர்க்கசிவு பார்க்கும் கருவிக்கு அவளுடைய பெட்டியையே எடுப்பதாகக் கொழும்பு ஆய்வுக்குழு ஒன்று சொல்லியிருந்தது. கூடினால் பெட்டி அலுமாரிக்குள்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசித் தவணை.

அன்றைக்கென்று பார்த்து அயலில் பிள்ளையார் கோயில் திருவிழா. ஸ்பீக்கர் நேரே ஆய்வுகூட யன்னலைப் பார்த்தபடி. அளந்தாள்; முப்பதாயிரம் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தாள்.

“ஐயா, பத்து நிமிசம் பாட்டை நிப்பாட்டுவீங்களோ? லேசரை அளக்கவேணும்.”

தர்மகர்த்தா அப்புத்துரை முறைத்தார். ஆனாலும் மனம் இளகிய மனிதர். மைக்கைப் பிடித்து, “பத்து நிமிசம் ஒருத்தரும் சத்தம் போடப்படாது, பிள்ளை லேசர் அளக்கப்போறா” என்று ஊருக்கே அறிவித்துவிட்டு நிறுத்தினார்.

அதே வேகத்தில் திரும்பி வந்து அளந்தாள். இருபதாயிரம். வயலில் நெல் வெட்டும் மெஷின் உறுமியது. கோகுலன் மின்விசிறியை நிறுத்தினான், பதினெட்டாயிரம். அதற்குள் பத்து நிமிடமும் முடிந்து, பாட்டு மறுபடி அலறத் தொடங்கியது. யதுர்ஷிகாவுக்கு அழுகை முட்டியது.

“சாமியின்ர பாட்டையும் நிப்பாட்டிப் பாத்தாச்சு. இனி என்னத்தை நிப்பாட்டுறது?”

கோபத்தில், பாட்டோடு அளந்ததும் பாட்டில்லாமல் அளந்ததுமான இரண்டு வரைபடங்களையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். இடப்பக்கம் மெதுவான ஆட்டங்கள். அங்கே மேடுகள் வேறு வேறாக நின்றன. வலப்பக்கம் மிக வேகமான ஆட்டங்கள். அங்கே மேடெல்லாம் ஓய்ந்து, கோடு தட்டையாகப் போனது. பாட்டு இருந்த கோடும் இல்லாத கோடும் அந்த இடத்தில் அச்சொட்டாகப் பொருந்தின. அவ்வளவு வேகமாக ஆட்டுவதற்கு எந்த ஸ்பீக்கராலும் முடியாது. அவள் தேடிய அடிப்படைக் கோட்டகலம் முழுக்க அங்கேதான் இருந்தது. அவள்தான் இவ்வளவு நேரமும் மேடுகளையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தாள். தட்டைக் கோட்டின் உயரம் இருநூறு. அதை π என்ற 3.14ஆல் பெருக்கினால் அடிப்படைக் கோட்டகலம் வரும். பெருக்கினாள்: அறுநூற்று இருபத்தெட்டு ஹேர்ட்ஸ். இன்னொருதரம் பெருக்கினாள். அதேதான். சந்தோசத்தில் கோகுலனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பிறகு கோயிலுக்குப் போன் எடுத்தாள். “ஐயா, சத்தத்தை நல்லாக் கூட்டிவிடுங்கோ. இன்னொருக்கா அளக்கவேணும்.”

“என்ர வயசுக்குக் கூட்டச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நீர்தான் பிள்ளை!” அப்புத்துரையின் குரலில் சந்தோசம் பொங்கியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இடப்பக்க மேடு மலையாக எழுந்தது. வலப்பக்கக் கோடு அசையவில்லை.

மூன்று வரைபடங்களையும் அனுப்பினாள். இருட்டுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது: “பெட்டியை அனுப்புங்கள். மூன்றாவது வரைபடத்தின் இடப்பக்கத்தில் பெரிய மேடு ஒன்று இருக்கிறதே, அது என்ன?”

யதுர்ஷிகா ஒரே வரியில் பதில் போட்டாள்.

“அது எங்கட பிள்ளையார்.”