ஒருவனுக்கு ஒரு சாவு

“போன வாரமே செத்துட்டியே, இங்க என்ன பண்றே?”

கேமரா முன்னால் நின்ற என்னிடம்தான் இந்தக் கேள்வி. தலையில் வேறு தொப்பி, முகத்தில் ஒட்டுமீசை, கழுத்தில் அண்ணனின் சிவப்புக் கைக்குட்டை. இவ்வளவு போதும் என்று நினைத்திருந்தேன். இயக்குநர் ஆர்வில் டகெட் என் மீசையைப் பார்க்கவே இல்லை. குதிரைக்கு லாடம் பார்ப்பவர் போலக் குனிந்து, “காலைத் தூக்கு” என்றார். என் பூட்ஸின் அடியில், தரையில் படாத வளைவில், அவர் கையால் போட்ட வெள்ளைப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது.

“மரத்தடிக்குப் போ தம்பி. செத்தவங்க இடம் அங்க.”

அந்தக் குறி போடுவதற்கென்றே, பிலிமில் அடையாளம் வைக்கும் மெழுகுப் பென்சில் ஒன்றைக் காதில் செருகி வைத்திருப்பார். அவர் படத்தில் குண்டு பட்டு விழுந்தவன் எழுந்ததும் காலை நீட்ட வேண்டும். குறி விழுந்தபின் அந்தப் படத்தில் அவனுக்கு வேலை கிடையாது. வாய்க்கால் ஓரத்துப் பெரிய மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். அங்கே செத்தவர்கள் எலுமிச்சைச் சாறு குடித்தபடி லாடம் எறிந்து விளையாடுவார்கள். உயிரோடு இருப்பவர்களைவிட அவர்கள் போடும் சத்தம்தான் அதிகம்.

யூட்டாவில் எங்கள் பிட்டர் வெல்லைப் போல ஆடுகளும் சிவப்புப் பாறைகளும் நிறைந்த ஊர்கள் பல உண்டு. ஆனால் டகெட் வசந்தம் பிறந்ததும் லாரிகளோடு வந்து இறங்குவது இங்கேதான். அறுபத்து மூன்று வயது, முப்பத்தெட்டுப் படங்கள். முப்பத்தெட்டிலும் கதை ஒன்றே. கெட்டவர்கள் ஊருக்குள் வருவார்கள், நல்லவன் சற்றுத் தாமதமாக வருவான். “கதையை மாத்தினா குதிரைங்க குழம்பிடும்” என்பார். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். கால் வலித்தால் மழை வரும் என்று சொல்லி கேமராவுக்கு உறை போடச் சொல்வார். அவர் சொல்லி ஒருநாளும் மழை வந்ததில்லை.

எங்கள் சபையில் காப்பி ஆகாது. அதனால் நசுங்கிய நீலக் கெண்டி ஒன்றைக் கையோடு கொண்டு வந்து, தானே அடுப்பு மூட்டிக் கொதிக்க வைப்பார். எங்களைப் போலவே வயல் பார்த்துக்கொண்டு சபையையும் நடத்தும் பிஷப் ஹீபர் ஜாலி காற்றடிக்கும் திசை பார்த்துத் தள்ளி நின்றுகொள்வார். “மூக்கு என்ன பாவம் பண்ணுச்சு பிஷப்பே, அதையாவது இங்க விட்டுட்டுப் போங்க” என்று டகெட் கூப்பிடுவார். பிஷப் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்ப்பார்.

டகெட் எதையும் இரண்டாவது தடவை படம் பிடிக்கவும் மாட்டார். “மிச்சம் மீதி வெச்சேன்னா, ஸ்டூடியோக்காரன் அதை வெட்டி ஒட்டி வேற படமாக்கிடுவான். நான் எடுத்ததை விட்டா அவனுக்கு ஒட்ட வேற துண்டே இருக்கக் கூடாது.”

ஒருவனுக்கு ஒரு சாவு என்ற சட்டம் எப்படி வந்தது என்பதை ஒருநாள் முகம் மழித்துக்கொள்ளும்போது சொன்னார். மழித்துக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் முடிதிருத்துபவர் நெஃபை.

“பதினெட்டு வயசுல நெப்ராஸ்காவை விட்டு ஓடினேன்யா. அப்போ எல்லாம் ஊமைப் படம். குதிரையில இருந்து விழறதுதான் வேலை. ஒரே படத்துல பதினோரு தடவை செத்தேன். அது எங்க ஊர்க் கொட்டகைக்கு வந்துச்சு. அம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். நான் செத்ததும் அம்மா அழுதாங்க. பக்கத்துலயே இருக்கேன், அப்பவும் அழறாங்க! மூணு நிமிஷம் கழிச்சு வேற தொப்பியில மறுபடி செத்தேன். கொட்டகையே சிரிச்சுது. அம்மாவும் சிரிச்சுட்டாங்க.”

“அதுக்கு என்னங்க?” என்றார் நெஃபை, கத்தியைத் துடைத்தபடி.

“முதல்ல அழுதது வீணாப் போச்சேய்யா!”

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் ஊரில் குதிரை ஏறத் தெரிந்த ஆண்கள் முப்பத்து நான்கு பேர்தான். எல்லோருக்கும் கேமராவுக்குப் பக்கத்தில் சாக ஆசை. இந்தப் படத்தின் வங்கிக் கொள்ளைக் காட்சியில் நெஃபை தண்ணீர்த் தொட்டிக்குள் அவ்வளவு அழகாக விழுந்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கமாக, யாரும் சுடாமலே விழுந்து வைத்தார்கள். ஒரே மதியத்தில் பதினான்கு பேர். டகெட் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொருவர் காலிலும் குறி போட்டார்.

கடைசிக் காட்சி சனிக்கிழமை. கொள்ளைக் கூட்டத்தில் மிஞ்சிய ஒருவன் மேட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து வந்து, குண்டு பட்டு விழ வேண்டும். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செத்துத் தீர்ந்ததில், மிஞ்சியிருந்தவர் பிஷப் ஜாலி ஒருவர்தான். அன்று பத்து மணிக்கு வாய்க்காலில் அவருடைய தண்ணீர் முறை. விட்டால் எட்டு நாள் கழித்துத்தான் வரும். ஒன்பதே முக்காலுக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“பிஷப், ஒரே ஒரு சாவுதான்!” என்று டகெட் கெஞ்சினார்.

“என் அல்ஃபால்ஃபாப் பயிர் செத்துடுமேங்க” என்றார் பிஷப், நடையை நிறுத்தாமல்.

ஸ்டூடியோ அனுப்பியிருந்த ஷிப்லி கைக்கடிகாரத்தைத் தட்டினார். “பன்னிரண்டு மணி வரைக்கும்தான் சார். அதுக்குள்ள முடிக்கலைன்னா படத்தை வேற இயக்குநர் முடிப்பார். பேரும் அவர் பேருதான் வரும். செத்தவன் ஒருத்தனுக்குத் தொப்பியை மாத்தி விடுங்க, எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

“என் அம்மா கண்டுபிடிச்சாங்களே.”

ஷிப்லி அதோடு விடவில்லை. மரத்தடிக்கு வந்து என்னைப் பிடித்து மீசை ஒட்டிக் கேமரா முன்னால் நிறுத்தினார். அப்போதுதான் அந்தக் கேள்வி. நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும், “எப்படி இருக்கு மறுபிறவி?” என்று நெஃபை கேட்க, செத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பதினொன்றரை ஆயிற்று. டகெட் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மரத்தடிக்கு வந்து என் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு, “அந்தச் சாம்பல் குதிரையைக் கொண்டா” என்றார். கேமராக்காரர் சோரன்சன், “தலைவரே, வேண்டாம். அந்தக் காலை வெச்சுக்கிட்டா?” என்றார்.

“கால் ஏறத்தான்யா வேணும். விழறதுக்கு எதுக்கு? தூசி அடங்கற வரைக்கும் கேமராவை நிறுத்தாதே.”

மேட்டிலிருந்து குதிரை பாய்ந்து வந்தது. துப்பாக்கி வெடித்தது. அவர் பின்பக்கமாகச் சரிந்து, தோளில் விழுந்து, இரண்டு முறை உருண்டு, மல்லாந்தார். தொப்பி முகத்தை மூடிக்கொண்டது. தூசி அடங்கியது. அவர் அசையவில்லை. மரத்தடியில் லாடச் சத்தம் நின்றது. நெஃபை மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார். நானும் கழற்றப் போனேன். என் தொப்பிதான் அவர் முகத்தில் கிடந்ததே.

தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது: “தூசி அடங்கிடுச்சா?”

“அடங்கிடுச்சு தலைவரே.”

“அப்போ நிறுத்தேன்யா. எவ்வளவு நேரம் செத்துக் கிடக்கறது!”

பள்ளிக்கூடத்துப் பன்னிரண்டு மணி அதற்கப்புறம்தான் அடித்தது.

அந்தப் படம் உங்கள் ஊர்க் கொட்டகைக்கும் வரும். முடிவில் சாம்பல் நிறக் குதிரையிலிருந்து ஒருவன் விழுவான். முகம் தெரியாது. பெயர்ப் பட்டியலிலும் அவனைத் தேட முடியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் அது யார் என்று சொல்லுங்கள். விழுந்த பிறகு நடந்தது படத்தில் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுந்தவர் தன் நாற்காலிப் பக்கம் போகவில்லை. கேமராவையும் தாண்டி, சாய்ந்து சாய்ந்து நடந்து, மரத்தடிக்கு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். பின்னாலேயே ஷிப்லி ஓடி வந்தார். “சார், தொப்பி முகத்தை மறைச்சிடுச்சு சார். எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துடலாம், நேரம் நான் பாத்துக்கறேன்” என்றார். டகெட் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். வலிக்கிற காலை இரண்டு கைகளாலும் தூக்கி மடியில் வைத்து, பூட்ஸின் அடியில் நிதானமாக, குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடுகள் போட்டு, ஷிப்லி பார்க்கும்படி திருப்பிக் காட்டினார்.