காலைப் பார்த்துக் கார் எடுப்பவன்

தம்பிஐயா முதலில் காலைத்தான் பார்ப்பான். முகத்தைப் பார்ப்பது பிறகு, அதுவும் நேரம் மிஞ்சினால். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு வந்தால், காரின் பின்கதவைப் பிடித்தபடி தலையைக் குனிந்து, மீன் வாங்குகிறவன் செவுளைப் பார்ப்பதுபோல அவளுடைய பாதத்தையும் கணுக்காலையும் பார்ப்பான். மரியாதைக்குக் குனிகிறான் என்று நினைத்து மகிழ்ந்துபோன மாமியார்களும் உண்டு. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. கால் பார்த்து முடிந்ததும் அட்டைக்குக் கையை நீட்டுவான்.

"கிளினிக் காட்?"

"உவள் வலியிலை துடிக்கிறாள். உனக்கு இப்ப காட்டோ?"

"காட் இல்லாட்டி நான் என்னத்தை ஏத்திக்கொண்டு போறன் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? சீமெந்து மூட்டையிலையும் ஒரு துண்டு தைச்சிருக்கும்."

காட் இல்லை என்பதற்காக ஒருத்தியையும் அவன் இறக்கிவிட்டதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வாய் ஓயாது. வலி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். எது முதலில் விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எங்கள் அயலில் ஒரு பெண் சொன்னாள்.

ஆள் மயிலிட்டி. தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்குப் பயந்து அந்தக் கரையெல்லாம் எழும்பி ஓடியபோது வீடு வளவை விட்டுவிட்டு, ஒரு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரும், மனைவி தங்கமுத்துவும், ஆறு பிள்ளைகளும், ஒரு அம்மியுமாகக் கோப்பாய்க்கு வந்து சேர்ந்தான். எங்கள் ஒழுங்கையில்தான் கொட்டில். கரையால் வந்தவன் என்று எங்கள் தோட்டக்காரச் சனம் கொஞ்ச நாள் மூக்கைச் சுளித்தது. தங்கள் பெண்களுக்கு வலி வந்த அன்று சுளித்த மூக்கெல்லாம் நேரானது. என் மூக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவனுக்கு வயது ஐம்பத்தைந்து, காருக்கு முப்பத்தைந்து. அரசாங்கம் தடை போட்டு, பெற்றோலைக் கண்ணில் காண முடியாத காலம். கார் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் மண்ணெண்ணெயில் எழும்பாது. எழுப்புவதற்கென்று ஒரு சேலைன் போத்தலில் ஒரு வாய் பெற்றோல் பொத்திப் பொத்தி வைத்திருப்பான். அதைக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டால்தான் கார் இருமிக்கொண்டு உயிர் பெறும்.

"வருத்தக்காறியை ஏத்த வந்த காருக்கே சேலைன் ஏறுது" என்று பொடியன்கள் சிரிப்பார்கள்.

"அவளுக்குப் பத்து மாசம். இவளுக்கு முப்பத்தைஞ்சு வருசமாச்சு, இன்னும் இறங்கேல்லை" என்று காரின் வயிற்றைத் தட்டுவான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு படிப்பு எங்கிருந்து வந்தது? ஜன்னலால் வந்தது. மயிலிட்டியில் இருந்த நாளில் அரசாங்க மருத்துவிச்சியை ஊர் ஊராகக் கிளினிக்குக்கு ஏற்றிப் போனவன் இவன். அவர் உள்ளே தாய்மாருக்கு வகுப்பு எடுப்பார். இவன் வெளியே காரில் சாய்ந்துகொண்டு கேட்டபடி நிற்பான். பன்னிரண்டு வருடம். எந்தத் தாய் பன்னிரண்டு வருடம் அந்த வகுப்பில் இருந்தாள்?

இங்கேயும் புதன்கிழமைகளில் வாசிகசாலையில் கிளினிக். காரைக் கொண்டுபோய் ஜன்னலோடு ஒட்டி நிறுத்திவிடுவான். ஒரு புதன், தாதிப் படிப்புப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் பட்டினத்திலிருந்து பழக வந்தார்கள். இங்கத்தைய மருத்துவிச்சி செல்வநாயகி மிஸி எங்கள் முன்னாலேயே அவர்களைக் கேள்வி கேட்டார். "வயித்திலை பிள்ளையோடை இருக்கிறவளிட்டை என்னென்ன கண்டால் உடனை ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும்?"

யசிந்தா என்ற மெல்லிய பிள்ளை எழும்பி நின்று கூரையைப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே இருந்து மறுமொழி வந்தது. "ரத்தம் போனால். தண்ணி உடைஞ்சால். பிள்ளை துடிக்காமல் விட்டால். விடாத தலையிடி. கண்ணுக்குள்ளை மின்னல். முகமும் கையும் காலும் வீங்கினால். வலிப்பு வந்தால். வலிப்பு வருமட்டும் பாத்துக்கொண்டு நிண்டால் நீங்கள் நேர்ஸ் இல்லை, திருவிழாப் பாக்க வந்த ஆக்கள்."

"தம்பிஐயா, உமக்கு இங்கை என்ன வேலை?" என்று மிஸி கத்தினார்.

"நான் பேசாமல்தான் நிண்டனான் மிஸி. தங்கச்சி கூரையைப் பாத்தா. அங்கை எழுதி இல்லை எண்டு சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள், யசிந்தாவும் சிரித்தாள். என் கடைசி மகள் பாலேஸ்வரி அப்போது ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவளோடு போயிருந்த நானும் சிரித்தேன். சிரித்ததுதான் மிச்சம். ஒரு சொல் மண்டைக்குள் போகவில்லை.

ஆண்களையும் விடமாட்டான். சங்கக்கடை வரிசையில் என் கண் முன்னால் மார்க்கண்டுவைப் பிடித்தான். மார்க்கண்டுவின் மனைவிக்கு அது ஐந்தாவது.

"மார்க்கண்டு, மனிசிக்கு இரும்புக் குளிசை குடுத்தவையோ?"

"ஓமண்ணை, குடுத்தவை."

"குடிக்கிறாவோ?"

"குடிக்கிறாவாம்."

"'ஆம்' வேண்டாம். வெளிக்குக் கறுப்பாப் போகுதோ?"

மண்ணெண்ணெய்க்கு நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மார்க்கண்டு குரலைத் தணித்தான். "உதை நான் எப்பிடி அண்ணை அவளிட்டைக் கேக்கிறது?"

"பிள்ளை குடுக்கத் தெரிஞ்சது, கேக்கத் தெரியேல்லையோ? கறுப்பெண்டால் குளிசை வயித்துக்கை போகுது. இல்லையெண்டால் கோழிக்கூட்டுக்குப் பின்னாலை போகுது. போய்ப் பாரும்."

மார்க்கண்டு போய்ப் பார்த்தான். கோழிக்கூட்டுக்குப் பின்னால் இல்லை. வாழையடியில் இருந்தது.

மார்க்கண்டுவுக்குப் பிறந்த முதல் நாலும் பெண். அதற்கு அவனுடைய தாய் மருமகளைத் தின்றுகொண்டிருந்தாள். தம்பிஐயா அதையும் சும்மா விடவில்லை. பின்னேரங்களில் புளியமரத்தின் கீழ் சீட்டுக் கடுதாசியில் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். அவனுடைய உயர்ந்த பாடமெல்லாம் அந்தக் கடுதாசிக் கூட்டத்தில்தான் நடக்கும். "பொம்பிளையிட்டை இருக்கிறது முழுக்க ஒரே சாதிக் கடுதாசி. ரெண்டு சாதியையும் கலந்து வைச்சிருக்கிறது நீர். நாலு தரமும் இறக்கினது நீர். கொம்மாவை உம்மைப் பாத்து ஏசச் சொல்லும்."

எங்கள் ஒழுங்கை முடிகிற தொங்கலில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறவியிலேயே காது கேளாதவர்கள். பாட்டன் காலத்தில் நாகபாம்பை அடித்த பாவம் என்று நாங்கள் சொல்வோம். "பாம்பு பாவம், அது தன்ரை பாட்டிலை போனது" என்பான் இவன். "தாயிட்டை ரெண்டு கடுதாசி, தேப்பனிட்டை ரெண்டு. பிள்ளைக்கு ஆளுக்கொண்டு விழும். ரெண்டு பேரிட்டையும் ஒவ்வொரு பழுதுக் கடுதாசி ஒளிஞ்சிருந்தால், அந்த ரெண்டும் ஒரு பிள்ளையின்ரை கையிலை சேரலாம். மச்சானும் மச்சாளும் கட்டினால் ஒரே கட்டிலை இருந்து வந்த கடுதாசியெல்லோ, சேர இடம் கூட."

எனக்குச் சுட்டது. "நானும் மாமன்ரை மகனைத்தான் கட்டினனான். ஏழு பெத்தனான். ஏழும் கதைக்குது. கொஞ்சம் கூடத்தான் கதைக்குது."

"ஓமணை ஆச்சி, கட்டக்கூடாதெண்டு நான் சொல்லேல்லையே. உங்கள் ரெண்டு பேரிட்டையும் ஒரே பழுது இருந்திருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலிலை ஒண்டுதான்."

என் கையில் பழுதோ என்று கேட்டுவிட்டு ஒரு கிழமை அவனோடு பேசாமல் இருந்தேன்.

தங்கமுத்துவைக் கேட்டால் வேறு கதை வரும். "ஊரிலை எல்லாளின்ரை காலையும் பாக்கிறார். நான் ஆறு பெத்தனான், ஒரு நாள் என்ரை காலைப் பாத்தவரோ எண்டு கேளுங்கோ."

"அப்ப நான் வகுப்பிலை சேரேல்லை" என்பான், திரும்பிப் பாராமல்.

போன வருடம் ஆவணியில் பாலேஸ்வரிக்கு எட்டு மாதம். முப்பத்தொரு வயதில் தலைப்பிள்ளை. பிள்ளை தங்கினால் சந்நிதி முருகன் கோயிலில் பொங்குவதாக நான் நேர்த்தி வைத்திருந்தேன். கடைசி இரண்டு கிளினிக்குக்கும் அவள் போகவில்லை. நான்தான் மறித்தேன். குண்டு போடுகிற பொம்மர் சுற்றுகிற நாளில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசிகசாலைக்கு என்னத்துக்கு? கோயிலுக்குப் போகும்போது மட்டும் பொம்மர் வராதோ என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

மருமகன் பானையையும் விறகையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியவே சந்நிதிக்குப் போய்விட்டார். எட்டு மணிக்குக் கார் வந்தது. பாலேஸ்வரி படலையால் வந்தாள். தம்பிஐயா குனிந்தான்.

"ஆரின்ரை செருப்பு பிள்ளை?"

"அவரின்ரை."

"உம்மடை எங்கை?"

"கால் கொள்ளுதில்லை."

"மோதிரம்?"

"சவுக்காரம் போட்டுக் கழட்டினனான்."

தம்பிஐயா நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். "தலையிடிக்குதோ?"

அவள் என்னை ஒருக்கால் பார்த்தாள். "மூண்டு நாளா. கண்ணுக்குள்ளை என்னவோ மின்னுது. அம்மாவுக்குச் சொல்லேல்லை."

"கால் வீங்கிறது வழமைதானே" என்றேன். "நான் ஏழு பெத்தனான். ஆம்பிளைப் பிள்ளையெண்டால் கால் வீங்கும்."

"ஏறுங்கோ" என்றான். அவ்வளவுதான். காட் கேட்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கோப்பாய்ச் சந்தியில் நீர்வேலிப் பக்கம் திருப்பாமல் இருபாலைப் பக்கம் திருப்பினான்.

"தம்பிஐயா, பாதை பிழை."

"பாதை சரி, ஆச்சி."

"சந்நிதி வடக்கை."

"ஆஸ்பத்திரி தெக்கை."

"அடேய், இது நேத்தியடா! முருகனுக்கு வைச்ச நேத்தி!"

"முருகனுக்குத் தாய்மார் ஆறு பேர், ஆச்சி. அவர் பொறுப்பார். உந்த வயித்துக்குள்ளை இருக்கிறதுக்கு ஒண்டுதான் இருக்கு."

"காரை நிப்பாட்டு. நான் இறங்கிறன்."

"நிப்பாட்டினால் பேந்து எழும்பாது. ஓடேக்கையே இறங்குங்கோ."

குடையால் அவன் தோளில் இரண்டு போட்டேன். மூன்றாவதுக்கு ஓங்கும்போது பாலேஸ்வரி என் கையைப் பிடித்தாள். "அம்மா, அடியாதை. சத்தம் போடாதை. தலை வெடிக்குது." அவளுடைய விரல்கள் என் கையில் வாழைப்பொத்திபோலக் கனத்தன. குடையை மடியில் வைத்தேன். அதன் பிறகு கல்வியங்காடு, நல்லூர் எல்லாம் போனது. நான் ஒன்றும் பார்க்கவில்லை. அவளுடைய கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிறசர் நூற்றெண்பதுக்கு மேல். மூத்திரத்தை எடுத்துச் சூடாக்கினார்கள். முட்டை வெள்ளைபோலத் திரண்டுபோய் நின்றது. ஊசி போட்டு, ஜன்னல் சாத்திய அறையில் படுக்க வைத்தார்கள். "மத்தியானம் வரைக்கும் இருந்திருந்தால் வலிப்போடை கொண்டு வந்திருப்பியள் அம்மா" என்றார் டொக்டர். "பிள்ளையைக் கெதியா எடுக்கோணும். இல்லாட்டி ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை."

பயப்பட வேண்டாம், முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளை. நாலு இறாத்தல். வீங்கின கால் ஆணைக் காட்டும் என்று நான் சொன்னதும் பொய். இப்போது அது என் வெற்றிலைத் தட்டத்தைக் கவிழ்த்துவிட்டுப் பாக்குவெட்டிக்கு அழுகிறது. தாய் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிறாள். தம்பிஐயா செய்தது சரி என்று நான் இன்றுவரை என் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், அவனுக்குத் தலை வீங்கிவிடும்.

ஆனால் அன்று ஆஸ்பத்திரி விறாந்தை வாங்கில் இருந்தபோது இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. நேர்ஸ் ஒருத்தி கடதாசியோடு ஓடி வந்தாள். வெட்டி எடுக்கச் சம்மதம் என்று ஆராவது ஒப்பம் வைக்க வேண்டும். மருமகன் சந்நிதியில் அடுப்பு மூட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருப்பார். பெத்தவள் நான் இருக்கிறேன், ஆனால் எனக்கு எழுத்து இல்லை, பெருவிரல்தான். மைப்பெட்டியைத் திறந்தாள். மை வராத காலம், பெட்டி கருவாடாய்க் காய்ந்து கிடந்தது. தண்ணீர் தெளித்து என் விரலைத் தேய்த்தாள். கடதாசியில் ஈரம்தான் விழுந்தது.

"கெதியா அம்மா, டொக்டர் நிக்கிறார்" என்று அவள் அங்குமிங்கும் பார்த்தாள்.

தம்பிஐயா வெளியே ஓடினான். திரும்பி வரும்போது அவனுடைய சுட்டுவிரல் அடிவரை கறுத்திருந்தது. காரின் புகைக்குழாய்க்குள் விட்டுக் கரியைத் தோண்டிக்கொண்டு வந்திருக்கிறான். எத்தனையோ பெண்களை ஏற்றி இறக்கியவன், ஒருத்தியின் கையில் ஒரு விரல் பட விட்டதில்லை. "கையைத் தாங்கோணை" என்று எனக்கு முன்னால் நிலத்தில் குந்தினான். பெருவிரலில் கரியை அப்பினான். நேர்ஸ் காட்டிய இடத்தில் என் கையை வைத்து, தன் இரண்டு கையாலும் மூடி அழுத்தினான். அவள் கடதாசியைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தினார்கள். அவன் எழும்பவில்லை. சாரத்துத் தலைப்பை எச்சிலில் நனைத்து, என் விரலை மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டே இருந்தான், நகக்கண் வரைக்கும்.